மதிய நேரத்து இணைப்பு

மாம்பழக் காலம் முடிவதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் நம்பினார்கள். பெருந்தொற்றுக்காக அலுவலகத்தை மூடிவிட்டு, ஆளுக்கொரு மடிக்கணினியோடு எங்களை வீட்டுக்கு அனுப்பிய வருடம் அது. ஹைதராபாத்தில் எங்கள் மல்காஜ்கிரி வீட்டின் முன்னறையில் போட ஒரு மேசை வாங்கலாமா என்று கேட்டபோது, உப்பலில் இருக்கும் தம்பி தொலைபேசியிலேயே சிரித்தான்.

“கைக்குக்கா, எதுக்கு டேபிள்? ரெண்டு மாசத்துல ஆபீஸ்ல கூப்பிட்டுருவாங்க. நக்கோ, காசை வேஸ்ட் பண்ணாத.”

ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவும் அவன் பக்கமே நின்றார். ஆகவே சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் நான் கணினியோடும், மறுமுனையில் அப்பா செய்தித்தாளோடும் உட்கார்ந்தோம். தற்காலிகம் என்று தொடங்கிய அந்த ஏற்பாடு சில ஆண்டுகள் நீடித்தது.

மருந்துக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய குழுவுக்கு நான் பொறுப்பு. குவாஹாத்தியிலும் புனேயிலும் கொச்சியிலும் விஜயவாடாவிலும் ஒவ்வொருவர் இருந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பெண், என்னைவிட மிகவும் இளையவள், அந்த வருடத்தில்தான் சேர்ந்தாள். எந்த மருந்தின் காலம் முதலில் முடியப் போகிறதோ அதைக் கிடங்கிலிருந்து முதலில் வெளியே அனுப்பச் சொல்லும் பகுதியை எழுதியவள் அவள். குழம்பாத மனம் எழுதிய நிரல் அது. படித்தால் அடுத்த வரி என்னவென்று நாமே ஊகித்துவிடலாம். அவளுடைய அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. காலை வேளைகளில் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேறு ஆளில்லை. ஊரைவிட்டு நகர முடியாது என்பதைச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள்.

எங்கள் வழக்கம் தற்செயலாகத் தொடங்கியது. ஒரு நாள் மதியக் கூட்டம் முடிந்தபின் யாரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவரவர் வேலையில் இறங்கிவிட்டோம். மாலைவரை ஒருவரும் பேசவில்லை; ஆனாலும் ஒரே அறையில் இருந்து எழுந்தது போலிருந்தது. மறுநாளும் அப்படியே செய்தோம். பிறகு அதுவே எங்கள் பிற்பகலாயிற்று. வந்தேன் என்றும் சொல்ல வேண்டாம், போகிறேன் என்றும் சொல்ல வேண்டாம். ஐயம் வந்தால் கேட்கலாம். மற்ற நேரமெல்லாம் மௌனம்.

மௌனம் என்பது பேச்சில்லாமை மட்டும்தான். குவாஹாத்தியில் தகரக் கூரையின் மேல் மழை பெய்வது கேட்கும். கொச்சியில் ஒரு குழந்தை தூங்கி எழும். எங்கள் வீட்டைத் தாண்டி ரயில் போகும்போது, “காச்சிகுடா வண்டி, இன்னிக்கு லேட்டு” என்று அப்பா யாருக்கென்று இல்லாமல் அறிவிப்பார். பாளையங்கோட்டையில் ஒரு மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றும்.

“ஏம்மா, அந்த ஃபேனுக்குக் கொஞ்சம் எண்ணெ போடக் கூடாதா? இங்கவரைக்கும் கத்துது” என்றார் அப்பா ஒரு நாள்.

“எண்ணெய விட்டா அது சத்தமில்லாம சுத்தும்ப்பா. எனக்கு உறக்கம் வந்துரும்லா. பொறவு உங்க மக என்னைய ஏசுவாவ.”

“ஹவ், அதுவும் சரிதான்.”

“அது என்னப்பா எப்ப பாத்தாலும் ஹவ்வு? ஆமான்னு சொன்னா வாய் வலிக்குமா?”

“ஹைதராபாத்ல பொறந்தவன் ஹவ்வுன்னுதான் சொல்லுவான். நீ ‘லா’ போடல?”

குவாஹாத்திக்காரருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் அவரும் சேர்ந்து சிரித்தார். வெகுநாள் கழித்து, எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தீர்கள், நான் மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்றார்.

பின்னர் ஓலை வந்தது: எல்லோரும் ஹைதராபாத் அலுவலகத்துக்கு வந்தாக வேண்டும். கொச்சியும் புனேயும் வேறு வேலை தேடிக்கொண்டன. விஜயவாடாக்காரரும் குவாஹாத்திக்காரரும் இங்கே குடிவந்தார்கள். பாளையங்கோட்டைக்காக நான் மேலதிகாரியிடம் பலமுறை பேசினேன். அவர் கொடியவர் அல்லர். ஒருவருக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். செய்தியைச் சொன்னபோது அவள் உடனே மகிழவில்லை.

“எல்லாரும் அங்கன இருந்து, நான் ஒருத்தி மட்டும் இங்க இருந்தா சரிப்பட்டு வருமாக்கா?”

“வரும். மத்தியானம் லைன் எப்பவும் போலத் திறந்தே இருக்கும்.”

அதை முழு மனத்தோடுதான் சொன்னேன். அவளை இழந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைவில்லை.

நகரத்தின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குத் தினமும் போய் வரத் தொடங்கினேன். அலுவலகத்தில் எங்கள் மேசையின் நடுவே ஒரு ஒலிபெருக்கியை வைத்து, மதிய உணவுக்குப் பின் இணைப்பைத் திறப்போம். வீட்டில் தனியே இருந்த அப்பா, மாலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்: “அந்தப் பொண்ணு இன்னிக்கு லைன்ல வந்தாளா?” வந்தாள் என்பேன்.

அலுவலகம் இரைச்சல் மிகுந்த இடம். பக்கத்துக் குழுவின் பேச்சு அவளைத் தொந்தரவு செய்யுமே என்று, ஒரு பிற்பகலில் யாரோ நல்லெண்ணத்தோடு எங்கள் மைக்கை அடைத்துவிட்டார்கள். அன்றுதான் கிடங்கொன்றிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. மருந்துகளை வெளியே அனுப்பும் வரிசை முறையை உடனே மாற்ற வேண்டியிருந்தது. நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி நின்று விவாதித்தோம். அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றே ஒவ்வொருவரும் எண்ணினோம். அவள் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று கொண்டோம். அங்கே அவளோ எங்கள் அமைதியை எங்கள் வேலை என்று கொண்டாள். வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் யாராவது ஒருவர் “கேட்கிறதா?” என்று கேட்டிருப்பார்கள். ஒருவரையொருவர் கேளாமலே நம்பிப் பழகியவர்கள் நாங்கள்.

மறுநாள் காலை மருத்துவமனை வராந்தாவிலிருந்து அழைத்தாள். தன் நிரல் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டிருந்தாள்.

“மாத்துனது தப்பில்லக்கா. நல்லாத்தான் செஞ்சிருக்கிய. ஆனா நானும் அங்கனதான உக்காந்திருந்தேன்?”

அவள் குரலில் கோபமில்லை. உண்மையிலேயே விளங்காத ஒன்றைக் கேட்கும் குரல் அது.

அதன்பின் ஒரு விதி செய்தோம். ஒருவர் வெளியூரில் இருந்தால் எல்லோரும் வெளியூரில் இருப்பதாகவே நடந்துகொள்வது. கூட்டமென்றால் அவரவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவரவர் திரை வழியாகவே பேசுவது. அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் திரையைப் பார்த்துப் பேசினோம். கடந்து போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சில வாரங்கள் அது பிடித்து நின்றது. ஆனால் தேநீருக்கு எழுந்து போகும் இடத்தில் பாதிப் பேச்சு முடிந்துவிடுவதை எந்த விதி தடுக்கும்? திரும்பி வந்து அவளுக்கு அதை மீண்டும் சொல்வோம். அவள் “சரிக்கா, சரிக்கா” என்பாள். நாளடைவில் அந்தச் சரிக்காக்கள் குட்டையாயின.

திருநெல்வேலியிலேயே ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்திருப்பதாக ஒரு நாள் சொன்னாள். மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரமாம்.

“உங்களால முடிஞ்சதைச் செஞ்சிய. எனக்குத் தெரியும்க்கா.”

கடைசிப் பிற்பகலில் வழக்கம் போல இணைப்பைத் திறந்தோம். ஒலிபெருக்கியை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். மின்விசிறி சுற்றுவது கேட்டது. அது எப்போது நின்றது என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது திரையில் அவள் பெயர் இல்லை. சொல்லாமல் போவதுதானே எங்கள் வழக்கம்.

அன்று மாலை அப்பா கேட்டதற்கு, இனி அவள் வரமாட்டாள் என்றேன். அவர் அவளுடைய எண்ணைத் தன் தொலைபேசியில் பதிந்து தரச் சொன்னார். பண்டிகைக்குப் பண்டிகை இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அவள் அம்மா தேறி வருகிறார்கள் என்று அவர் வழியாகத்தான் எனக்குத் தெரியும்.

விஜயவாடாக்காரர் சென்ற ஆண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். புதியவர்கள் வந்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள், கலகலப்பானவர்கள். பிற்பகலில் மேசையைச் சுற்றிப் பேச்சு ஓய்வதில்லை. சில நாட்களில் அதற்கு நடுவே, எதிரே இருக்கும் குவாஹாத்திக்காரர் விரல்களை நிறுத்திவிட்டு எதையோ கேட்பவர் போலத் தலையைச் சாய்க்கிறார். நான் பார்ப்பதைக் கண்டதும் வேலைக்குத் திரும்பிவிடுகிறார். அந்தப் பிற்பகல்களில் இருந்தவர்களில் குழுவில் இப்போது இருப்பது நாங்கள் இருவர்தான்.