வெள்ளைத் தாளைப் படித்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. அப்போது ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். பக்கத்து ஊரான சத்தியவேட்டில், உடன் வேலை செய்த தோழியோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன்.

நான்காம் வகுப்பிலிருந்தே எனக்குக் கிட்டப்பார்வை. ஸ்ரீசிட்டியில் இருந்தபோது அது மைனஸ் ஐந்து. வருடா வருடம் பவர் ஏறிக்கொண்டே இருந்ததால், இது எங்கே போய் நிற்குமோ என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. திருப்பதியில் ஒருவர் ஆஸ்டியோபதி சிகிச்சை செய்வதாகக் கேள்விப்பட்டேன். கழுத்தையும் மண்டையோட்டையும் கையால் இதமாக அழுத்தினால் கண் நரம்பு இளகும், எட்டு வாரத்தில் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்றார் அவர். விழி நீண்டுபோவதால்தான் கிட்டப்பார்வை வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஞாயிறுதோறும் பஸ் ஏறினேன்.

எதையும் எழுதி வைப்பது என் பழக்கம். ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டேன்: தேதி, வலது கண், இடது கண், குறிப்பு. கண் டாக்டர் வைத்திருப்பது போன்ற எழுத்து அட்டை ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளித் தரையில் கோடு கிழித்தேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, கண்ணாடி இல்லாமல் படிப்பேன். மனசு நிலைகொள்ளாத நாளில் ஐந்து முறைகூட. முதல் வாரம் இரண்டாவது வரி. நான்காவது வாரம் ஆறாவது வரி!

மூன்றாவது ஞாயிறு, திரும்பி வரும் பஸ்ஸில், இடது கண் ஓரத்தில் டியூப்லைட் மினுக்குவதுபோல் ஒளி வெட்டியது. மறுநாள் கொசு மாதிரி புள்ளிகள் மிதந்தன. சிகிச்சை செய்தவருக்குப் போன் போட்டேன்.

"பயப்படாதம்மா, நரம்பு முழிச்சிக்கினு வருது. மஞ்சிதே," என்றார். நல்லதுதான் என்கிறாரே, வேறென்ன வேண்டும்? குறிப்புக் கட்டத்தில் 'நரம்பு விழிக்கிறது' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். ஆனால் உள்ளுக்குள் நிம்மதி இல்லை. சாப்பிடும்போதும் கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது ஞாயிறு கழிந்து வந்த வியாழக்கிழமை மாலை, தோழி அட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் கோட்டில் நின்று ஆறு வரிகளையும் மளமளவென்று ஒப்பித்தேன்.

"இன்னாடி இது! கடைசி மூணு வரி மேல வெள்ளத் தாள வெச்சிப் புடிச்சிக்கினு கீறேன். எப்டிடி படிச்ச?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஆறடியில் எனக்கு அந்தச் சின்ன எழுத்துகளும் வெற்றுத் தாளும் ஒரே மங்கலாகத்தான் தெரிந்திருக்கின்றன. நான் படிக்கவில்லை. மனப்பாடம் செய்திருக்கிறேன்.

"நீயே செஞ்சி நீயே பாஸ் போட்டுக்குவியா? நம்ம லைன்ல இத வுடுவியாடி?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்வை முன்னேறவே இல்லை என்றால், கண் ஓரத்தில் வெட்டும் அந்த ஒளி என்ன என்று அவளிடமே கேட்டேன். அவள் முகமும் மாறிவிட்டது. "நாளிக்கி லீவு போடு. நானும் வரேன்," என்றாள்.

மறுநாள் திருப்பதியில் ஒரு கண் மருத்துவமனை. சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். அந்த முக்கால் மணி நேரமும் தோழி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பார்த்தபோது இடது விழித்திரையின் ஓரத்தில் கிழிசல் இருந்தது. விழித்திரை இன்னும் பிய்ந்து வரவில்லை. அன்றே லேசர் வைத்து அடைத்தார்கள்.

எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டபோது நோட்டை நீட்டினேன். தேதி, நேரம், எத்தனை மினுக்கல் எல்லாம் இருந்தது. அவர் பக்கம் புரட்டிவிட்டு, "இவ்ளோ கரெக்டா எழுதி வெச்சிக்கினு, பன்னெண்டு நாளா என்னம்மா பண்ணின?" என்றார். கிழிசல் கழுத்தை அழுத்தியதால் வந்தது என்று அவர் சொல்லவில்லை. இவ்வளவு பவர் உள்ள கண்ணில் தானாகவே வரலாமாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் பார்வையே போயிருக்கலாம் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

இப்போதும் அதே மைனஸ் ஐந்து, அதே தடிமனான கண்ணாடி. நோட்டையும் எறியவில்லை. வேலையிலோ வீட்டிலோ, நான் ஆசைப்பட்ட பதிலே கையில் வந்து விழும்போதெல்லாம் கொஞ்சம் பதறிப்போய், இன்னொருவரைக் கூப்பிட்டு அந்த வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்கிறேன்.