பிரசவ அறையில் வளையல்

கீரமங்கலத்துப் பிச்சையம்மாளுக்குப் பத்தொன்பது வயதில் புருஷன் செத்துப்போனான். அண்ணன் வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டு கிடக்க மாட்டேன் என்று அடம்பிடித்து மதுரைக்குப் போய் மருத்துவச்சிப் படிப்பை முடித்தாள். யுத்த காலத்தில் அரிமளம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ அறைக்கு நர்ஸாக வந்து சேர்ந்தாள். கத்தரிக்கோலைக் கொதிக்க வைப்பாள், தரையை ஃபினாயில் விட்டுத் தேய்ப்பாள், கார்பாலிக் சோப்பால் முழங்கை வரை கழுவிக்கொண்டு நிற்பாள். நின்று என்ன பயன்? தாலியறுத்தவள் கையில் பிள்ளை விழுந்தால் குடும்பம் விளங்குமா என்று பிரசவத்துக்கு வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவர்களுக்கு வேண்டியது ஆயா சொர்ணவல்லிதான். நெற்றி நிறையக் குங்குமம், கைக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல். படிப்பு ஒன்றும் கிடையாது. கைராசிக்காரி என்ற பெயர் மட்டும் உண்டு.

அவளும் நன்றாகத்தான் கை கழுவுவாள், வளையல் வரைக்கும். ஒருநாள் பிச்சையம்மாள் ஈரப் பஞ்சை வளையல்களுக்கு அடியில் விட்டுத் துடைத்துக் காட்டினாள். முந்தின நாள் பிரசவத்தின் ரத்தம் காய்ந்து பழுப்பாக வந்தது. அந்த ஆடியில் மட்டும் இரண்டு பேர் பிள்ளை பெற்ற காய்ச்சலில் போயிருந்தார்கள்.

"சோப்புப் போட்டா வழுக்கிக்கிட்டு வந்துரும். வேலை முடிஞ்சதும் போட்டுக்கடி."

"அக்கா, அவரு பட்டாளத்துல இருக்காரு. நாலு மாசமாக் கடுதாசி இல்ல. கையை மூளியாக்கிட்டு நான் எப்படி நிப்பேன்?"

அதற்குமேல் அவளைத் திட்ட வாய் வரவில்லை. பிச்சையம்மாள் டாக்டரிடம் போனாள்.

"நீ சொல்றது சரிதான், எனக்கும் தெரியும்" என்றார் டாக்டர். "வளையலைக் கழட்டச் சொன்னா ஒருத்தியும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டா. ஊரைப் பகைச்சுக்க முடியுமா?"

தெரியுமாம்! தெரிந்துகொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாராம்.

ஆவணியில் இருளாயி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வலியோடு வலியாகப் பிச்சையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே பாருங்கக்கா" என்றாள். மாமியார் அழகம்மாள் விடவில்லை.

"ஏத்தா, நீ அங்கிட்டுப் போ. வளவி போட்டவ வரட்டும்."

"அவ அதைக் கழட்டிட்டு வந்தா நான் போயிர்றேங்க."

"நல்ல காரியம் நடக்குற எடத்துல பேசுற பேச்சா இது?"

சத்தம் கேட்டு வந்த டாக்டர், பிச்சையம்மாளை வெளியே போகச் சொன்னார். அவள் வாசற்படியில் நின்றாள். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பிறகு பிள்ளை அழும் சத்தம். ஆண் பிள்ளை. அழகம்மாள் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தாள், பிச்சையம்மாளைத் தவிர.

மூன்றாம் நாள் இருளாயிக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் கண்ணை மூடிவிட்டாள். மாரில் அடித்துக்கொண்டு அழுத அழகம்மாள், பிச்சையம்மாளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வாசப்படியில நின்னாளே, அவ முழிச்ச முழிதான் எம்மருமகளக் கொண்டுபோயிருச்சு!"

அங்கிருந்த ஒருவராவது மறுத்து ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே! டாக்டர் மறுநாளே அவளைப் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறைக்கு மாற்றிவிட்டார்.

ஐப்பசியில் ஒருநாள், பிச்சையம்மாள் வீட்டுக் கொல்லைப் பக்கமாகச் சொர்ணவல்லி வந்து நின்றாள்.

"அக்கா, எம்மகளுக்கு எட்டு மாசம். நீங்கதான் பிரசவம் பாக்கணும். வீட்டுலயே வச்சுப் பாப்போம். வெளியில யாருக்கும் தெரிய வேணாம்."

"ஏன், ஒங் கைராசிக்கு என்ன வந்துச்சு?"

சொர்ணவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியாதாக்கா?"

ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது பிச்சையம்மாளுக்கு.

"இதை அன்னிக்கு டாக்டர் முன்னால சொல்லியிருந்தா இருளாயி இந்நேரம் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருப்பாளேடி!"

சொர்ணவல்லி விசும்பினாள். சமாதானம் சொல்லப் பிச்சையம்மாளுக்கு மனம் வரவில்லை. அழுது முடிக்கட்டும் என்று நின்றாள்.

"நாளைக்கு ஒம்மகளைக் கூட்டிட்டு வா" என்றாள் பிறகு. "நாலு பேர் பாக்க முன்வாசல் வழியாக் கூட்டிட்டு வா."