கேற்றடி ஜெபம்

எங்கள் சபையில் ஜெபத்தின்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க அனுமதி பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை ஆலயத்தின் வெளிவாசலில், கேற்றடியில் நிற்பேன். வருகிறவர்கள் பையைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவேன். பெண்களின் பைகளைப் பார்க்க, ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் அக்கா ஒருவர் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பார். எங்கள் நகரத்து ஆலயமொன்றில் ஈஸ்டர் காலையில் குண்டு வெடித்த பிறகு வந்த வழக்கம் இது. இப்போது பல இடங்களில் தளர்ந்துவிட்டது. புளியந்தீவில் உள்ள எங்கள் சபையில் இன்னும் தளரவில்லை.

போதகர் என்னைத் தெரிவு செய்ததற்குக் காரணம் என் பழைய தொழில். நீண்ட காலம் பத்திரிகை நிருபராக இருந்தவன். உங்களுக்குப் பார்க்கிற கண் இருக்கிறது என்றார். நான் மறுக்கவில்லை.

பிறப்பால் கிறிஸ்தவன் என்றாலும், கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும் ஆலயம் போய்வந்த ஆள் நான். என் மனைவிதான் விசுவாசி. எனக்காக வருடக்கணக்கில் ஜெபித்தவள். அந்த ஈஸ்டர் காலையில் அவள் எங்கள் சபையில், பாடகர் வரிசையில் நின்றாள். பாட்டின் நடுவே சத்தம் கேட்டது. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து வெறுங்காலோடு வீடுவரை நடந்து வந்தாள்.

நான் அப்போது ஆஸ்பத்திரி நடைபாதையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். வயதான ஒருவர் என் சேட்டுக் கையைப் பிடித்தார். என்னை ஏதோ ஒரு சபையின் ஊழியக்காரன் என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளே கிடக்கும் தன் மகளுக்காக ஜெபம் பண்ணச் சொன்னார். சின்ன வயதில் பாடமாக்கிய கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டேன். மிச்சத்தை அவரே சொல்லி முடித்தார். அன்று நான் அனுப்பிய செய்தியில் அந்த மனிதர் இல்லை.

சில மாதங்கள் கழித்து எங்கள் ஆலயத்தின் கடைசி வாங்கில் போய் உட்காரத் தொடங்கினேன். பிறகு காலையில் வேதம் வாசிக்கும் பழக்கம் வந்தது. பிறகு சபைக்கு முன் நின்று, இனி ஆண்டவருக்கென்று வாழ்வேன் என்று சொன்னேன். மனைவியோ அந்த நாளுக்குப் பிறகு ஆலயத்துக்குள் கால் வைக்கவில்லை. வீட்டில் ஜெபிப்பாள். பிரசங்கத்தைப் போனில் கேட்பாள். கூரைக்குக் கீழே பாட்டுச் சத்தம் கேட்டால் அடுத்ததாக எது கேட்கப்போகிறது என்றுதான் மனம் காத்திருக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். எங்கள் வீட்டில் ஆள் மாறிவிட்டது. அவள் கேட்டுப் பெற்ற வாழ்வை நான் வாழ்கிறேன். அவள் அதற்கு வெளியே நிற்கிறாள்.

மனந்திரும்பியவர்கள் சபையில் சாட்சி சொல்லும்போது, மனதுக்குச் சமாதானம் கிடைத்தது என்பார்கள். எனக்குக் கிடைத்தது பயம். நிருபராக இருந்த காலத்தில் நான் எதற்கும் பயந்ததாக நினைவில்லை. நடப்பதெல்லாம் எனக்குச் செய்தி. இப்போது ஆலயத்துக்குள் தலை குனிந்திருக்கும் ஒவ்வொருவரும் எனக்கு வேண்டியவர். முதுகில் பையோடு ஒரு இளைஞன் தெருவில் திரும்பினால், அவன் கடந்து போகும்வரை கண்ணை எடுப்பதில்லை. அயலானை நேசி என்று வாசித்துவிட்டு வந்து, அயலானின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இதைப் போதகரிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் அப்படித்தானாம்.

நான் வீடு திரும்பியதும் மனைவி ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"எல்லாத்தையும் திறந்து பாத்த நீங்களா?"

"ஓம்."

அது உண்மைதான். போதகரின் பையைக்கூடத் திறந்து பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் மாசியில், அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தேங்காய் துருவிக்கொண்டே, ஞாயிறு தானும் வருவதாகச் சொன்னாள். முந்திய காலத்தில் அந்தப் பண்டிகைக்கு ஆலயத்தின் முன்பக்கத்தை நெற்கதிர் கட்டி அலங்கரித்தவள் அவள்தான். காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம் ஓட்டோக்காரர் ஒருவர் அவளைத் தினமும் அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவார். அவரையே வரச் சொல்லி, தெருவில் காத்திருக்கச் செய்யப்போவதாகச் சொன்னாள். முடியாவிட்டால் உடனே திரும்பிவிட வேண்டும். உட்காரத் தனிக் கதிரை கேட்கவில்லை, பக்கத்தில் ஒரு கூட்டாளி கேட்கவில்லை. உள்ளே போகும் எல்லாவற்றையும் நான் திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் சரி என்றேன்.

சனிக்கிழமை பின்னேரம் சபைக் கூட்டம் நடந்தது. செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். பேசும்போது எல்லாரையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப்போலப் பார்ப்பார். அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் வயல் செய்யும் எங்கள் சபைக் குடும்பத்தார் பண்டிகைக்கு முதலில் அறுத்த நெல்லைக் கொண்டுவருவார்கள். சூடடிக்கும் களத்திலேயே ஜெபம் பண்ணி, சாக்கின் வாயைத் தைத்துவிடுவார்கள். அந்தத் தையலை ஆராதனையில், பீடத்துக்கு முன்னால் போதகர்தான் பிரிக்க வேண்டும். போன வருடம் கேற்றடியில் சாக்கைப் பிரித்துப் பார்த்ததற்கு ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்துபோனது. ஆகவே இந்த முறை காணிக்கைப் பொருட்களைத் திறக்கக் கூடாது.

சாக்கில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாதே என்றேன்.

"நெல்லுச் சாக்குக்க நெல்லுத்தான் கிடக்கும், வேறென்ன? காணிக்கையைக் கிளறிப் பாக்கிற சபை எண்டு பேர் வாங்க ஏலாது."

கை உயர்த்தினார்கள். எனக்கு எதிராக எல்லாக் கைகளும். போதகர் மட்டும் கையை உயர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சேலைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய பாடகர் குழுவின் வெள்ளைச் சேலை. இடுப்புப் பக்கம் மஞ்சள் ஏறியிருந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். சொன்னால் வரமாட்டாள். இனி எந்த வருடமும் வரமாட்டாள் என்றும் பட்டது. சொல்லாவிட்டால், இல்லாத ஒன்றை நம்பி வருவாள். சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டோம். ஜெபத்துக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அவள்தான் ஜெபம் பண்ணினாள். நாளைய ஆராதனைக்காகவும், கேற்றடியில் நிற்கிறவர்களுக்காகவும் பண்ணினாள். நான் ஆமென் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

விடிந்ததும் தாதி அக்கா எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். யாரோ வரவில்லை என்று ஆஸ்பத்திரியில் அவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். கேற்றடியில் நான் தனி ஆள். பெண்கள் கைப்பையைத் திறந்து எட்ட நின்றே காட்டிவிட்டுப் போனார்கள். அதோடு பண்டிகைச் சாமான்களும் வரத் தொடங்கின. பூசணிக்காய், வாழைக்குலை, கால் கட்டிய கோழி, தென்னங்கன்று, டின்னில் கேக். திறந்த சாமான்களால் பிரச்சினை இல்லை. மூடியவற்றில் எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருந்தது. வாவியில் தொழில் செய்யும் வீட்டு அம்மா ஒருத்தி, வாய் கட்டிய கூடையோடு வந்தாள். நான் தயங்குவதைப் பார்த்தாள்.

"நண்டு மனே. கையை விட்டுப் பாரன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில்தான் எதிர்ப்பக்கம் ஓட்டோ வந்து நின்றது. மனைவி இறங்கவில்லை. வெள்ளைச் சேலையின் ஓரம் மட்டும் தெரிந்தது.

தெருவைக் கடந்து போனேன். உள்ளே வர இன்னும் நேரம் இருக்கிறது, அவசரம் வேண்டாம் என்றேன். ஓட்டோக்காரர் என்னைக் கண்டதும் இறங்கி, பின் இருக்கைக்குப் பின்னால் இருந்த இடத்தைத் திறந்து காட்டினார். மாற்றுச் சில்லு, ஒரு தண்ணீர்ப் போத்தல், மழைத்துணி. நான் கேட்கவே இல்லை. மனைவி மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூடும்படி கையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன்.

கேற்றடிக்கு வந்தபோது படுவான்கரைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாக்கோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார். எனக்கு மூத்தவர், மெலிந்த ஆள். சாக்கின் வாய் சணலால் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. செயலாளர் படியிலிருந்து இறங்கி வந்து, அண்ணன் நேரே உள்ளே போகலாம் என்றார். வந்தவர் சாக்கைத் தோளுக்குத் தூக்கினார்.

நான் தெருவைப் பார்த்தேன். ஓட்டோவிலிருந்து மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன், கொஞ்சம் இறக்குங்க. திறந்து பாக்கணும்."

செயலாளர் என் பெயரைச் சொன்னார், வகுப்பில் சொல்வதுபோல. நேற்றே தீர்மானம் எடுத்தாயிற்று என்றார். தெரியும், ஆனாலும் பார்க்க வேண்டும் என்றேன்.

அக்கரைக்காரர் சாக்கை இறக்கி வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, பயமா?"

"ஓம் அண்ணன். பயம்தான்."

கேற்றடியில் நின்ற இத்தனை காலத்தில் அதை நான் நாலு பேருக்குக் கேட்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் குந்தி இருந்து, இடுப்பிலிருந்த சின்னக் கத்தியால் சணலை ஒவ்வொரு தையலாக அறுத்தார். கிழிக்கவில்லை. பிறகு சேட்டுக் கையை மடித்து, முழங்கை வரை நெல்லுக்குள் விட்டு, அடிவரை கிளறினார். கையை வெளியே எடுத்து என் முன்னால் விரித்தார்.

"ஒரு பொல்லாத சாமான் கிடக்கு. பதர். போன மழைக்கு வந்தது."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவரே சிரித்தார். கோபமா என்று கேட்டேன். களத்தில் வைத்துத் தைத்தது மனதுக்குக் கஷ்டம்தான் என்றார்.

"ஆனா, என்ட மருமகளும் குண்டு வெடிச்ச அண்டையில இருந்து ஆலயத்துக்க வாறல்ல தம்பி. இப்பிடித் திறந்து பாத்தா வருவாள் போல கிடக்கு. மறுகா சொல்லிப் பாக்கிறன்."

சாக்கின் வாயைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். செயலாளர், இதை அடுத்த கூட்டத்தில் பேச வேண்டிவரும் என்று சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் போனார்.

மனைவி தெருவைக் கடந்து வந்தாள். கேற்றடியில் நின்று தன் கைப்பையைத் திறந்து எனக்கு நீட்டினாள். வேதப்புத்தகம், கைக்குட்டை, வீட்டுத் திறப்புக் கொத்து. நான் பார்த்தேன். தலையை ஆட்டினேன். அவள் உள்ளே போகவில்லை.

"திறக்கிறல்ல எண்டு நேற்றே முடிவெடுத்திட்டாங்களா?"

"ஓம்."

"எனக்குச் சொல்லல்ல."

"சொன்னா நீ வரமாட்டா எண்டு பயந்தன்."

அவள் ஆலயத்தின் கதவைப் பார்த்தாள். உள்ளே முதல் பாட்டு தொடங்கியது. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஓட்டோக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார். வண்டியை இயக்கினார்.

அப்போது பிந்தி வந்த இரண்டு பெண்கள் அவசரமாகக் கேற்றடிக்கு வந்தார்கள். என்னைக் கண்டு வழக்கம்போல எட்ட நின்றார்கள். மனைவி அவர்களிடம் போனாள்.

"என்னகா, பையைக் கொஞ்சம் காட்டுங்க."

நன்றாகப் பார்த்தாள். தாதி அக்காவைவிட நன்றாக. அவர்கள் போனதும் எதிர்ப்பக்கம், அக்கா வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றாள். ஓட்டோக்காரருக்குக் கையைக் காட்டினாள். போகச் சொல்லவில்லை, எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். அவர் நிறுத்தினார்.

பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியது. ஒலிபெருக்கியில் போதகரின் குரல் தெருவரை வந்தது. நான் வழக்கம்போலத் தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாகி, பிறகு வேகமெடுத்துப் போனது.

"இஞ்ச பாருங்க," என்றாள் மனைவி. "நீங்க கண்ணை மூடுங்க. நான் பாத்துக்கொள்ளுறன்."

மூடினேன். பல வருடப் பழக்கம் விடவில்லை. இமைகள் துடித்தன. ஒவ்வொரு சில்லுச் சத்தமும் என்னை நோக்கி வருவதுபோல இருந்தது. போதகரின் வார்த்தை ஒன்றுகூட மனதில் ஏறவில்லை. ஆனாலும் திறக்கவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும் நேரம் வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் நின்றுபோன இடம் வந்தது. அதைத் தாண்டும்போது அவள் குரல் கேட்டது.

"இப்ப நீங்க பாருங்க."

கண்ணைத் திறந்தேன். அவள் கேற்றின் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தாள். உதடுகள் அசைந்தன. உள்ளே இருந்தவர்களைவிட ஒரு சொல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். நான் தெருவைப் பார்த்தேன். ஓட்டோ நின்ற இடத்திலேயே நின்றது. அவள் முடிக்கும்வரை நான் வேறு எந்தப் பக்கமும் திரும்பவில்லை.