எபேசு அரங்கில் என் அவை வணக்கம்

மொன்றியலில் உள்ள எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கிலிருந்து ஒரு பேருந்து நிறையப் பேர் துருக்கிக்கு யாத்திரை போனோம். மற்றவர்கள் எபேசுக்கு மேலே மலையிலிருக்கும் மாதாவின் வீட்டுக்காக வந்திருந்தார்கள். நான் அடிவாரத்தில் இடிந்து கிடந்த நகரத்துக்காக வந்திருந்தேன். கிரேக்கர் எழுப்பி உரோமர் பெருப்பித்த அந்த நகரத்தில் மலைச்சரிவைக் குடைந்து கட்டிய ஓர் அரங்கம் உண்டு. ஒலிவாங்கி என்னும் ஊன்றுகோல் இல்லாத காலத்தில் மனிதர்கள் அங்கே நின்று ஒரு நகரத்தோடு பேசினார்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் தமிழ்ப் பேச்சுப் போட்டி மேடைகளில் மூன்று வருடங்களாக என்னை எவரும் வென்றதில்லை. எபேசு அரங்கில் ஒருமுறை பேசிவிட வேண்டும் என்பதற்காக ஒரு கோடை முழுவதும் டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். ஆற்றுக்கு அக்கரையில் நாங்கள் குடியிருந்த லொங்குய்யிலிருந்து வேலைக்குப் போகும் மெத்ரோ ரயிலில் ஐந்து நிமிட உரை ஒன்றை மனனம் செய்தேன். அதன் முதல் வாக்கியம் இது: "எபேசைக் கொன்றது வாள் அன்று, வண்டல்." ஆறு சிறிது சிறிதாகக் கொண்டுவந்து கொட்டிய மண்ணில் துறைமுகம் தூர்ந்து, கடல் விலகி, அந்த நகரம் செத்தது. அப்படியொரு வாக்கியத்தை எங்கள் பங்கில் வேறு எவராலும் எழுத முடியாது என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

காலை முழுவதும் மாதாவின் வீட்டுப் புனித ஊற்றுக் குழாயடியில் போயிற்று. கொண்டுவந்த போத்தல்கள் நிரம்பும்வரை எவரும் நகரவில்லை. பாழடைந்த நகரத்துக்கு எஞ்சியது ஒன்றேகால் மணி நேரம். அதையும் இவர்கள் செலவழித்த விதத்தைச் சொல்ல வேண்டும். உரோமர் கால நூலகத்தின் இரண்டடுக்கு முகப்பின் முன்னால் நின்று பாடகர் குழுத் தலைவி, "முன்பக்கம் மட்டும்தான் இருக்கு, உள்ளுக்க ஒண்டுமில்லையே," என்றார். தன்னைப் பற்றியே ஒரு மனிதர் இவ்வளவு துல்லியமாகப் பேசி நான் கேட்டதில்லை. லொங்குய்யில் வீடுகளுக்குத் தரைக்கல் பதிக்கும் மாமா ஒருவர் பளிங்கு வீதியில் குந்தியிருந்து இடைவெளிகளை விரலால் அளந்தார். "இப்பிடிப் பதிச்சுக் குடுத்தா எனக்கு ஆரும் காசு தரமாட்டான்!" என்று சிரித்தார். பழைய பொதுக் கழிப்பறையின் கல் இருக்கைகளில் மட்டும் எல்லோரும் வரிசையாக அமர்ந்து, பக்தியோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியாக அரங்கத்துக்கு வந்தோம். வழிகாட்டிப் பெண் கால்மணி நேரம் தந்தார். இங்கே நிகழ்ச்சி நடத்த அனுமதியில்லை, காவலாளி விசில் ஊதினால் உடனே நிறுத்த வேண்டும் என்றும் எச்சரித்தார்.

"ஃபாதர், நான் ஐஞ்சு நிமிசம் பேசப்போறன்," என்று பங்குத்தந்தையிடம் சொன்னேன்.

"ஓம், பேசும் பிள்ளை. ஆனா வெயில் சுடுது, சுருக்கமாப் பேசும்."

எல்லோரும் நிழல் விழுந்த படிகளில் அமர்ந்தார்கள். நான் கீழே இறங்கி நடுவில் நின்றேன்.

எங்கள் மேடையின் முறை ஒன்று இருக்கிறது. அவை வணக்கம் இல்லாமல் வாய் திறக்கக் கூடாது. அதற்கெனத் தனிப் புள்ளிகள் உண்டு. ஒருவரை விட்டுவிட்டால் அது அவமதிப்பு. எட்டு வயதிலிருந்து என் நாக்கு அந்தத் தடத்திலேயே ஓடிப் பழகியது. "பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே" என்று தொடங்கினேன். குரல் படிப்படியாக ஏறி உச்சி வரிசையைத் தொட்டது. அங்கே நின்ற வெள்ளைக்காரர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். யாத்திரைக் குழுத் தலைவர், மாதா சபையினர், மறையாசிரியர்கள், இளைஞர்கள் என்று அழைத்துக்கொண்டே போனேன்.

"பிள்ளை, பாட்டுக்காரரை விட்டிட்டீர்!" என்று தரைக்கல் மாமா கத்தினார்.

"விடுங்கோ அண்ணை. எங்களை ஆர் மதிக்கிறது?" என்று பாடகர் குழுத் தலைவி கைகளைக் கட்டிக்கொண்டார்.

நான் உரைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. திரும்பி வந்து பாடகர் குழுவை மூன்று அடைமொழிகளோடு அழைத்தேன். அப்படியானால் சமையற் குழு? அவர்களையும் அழைத்தேன். வழிகாட்டியையும், பேருந்தில் தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநரையும்கூட விடவில்லை. "உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள்" என்று முடித்து, வண்டலுக்காக மூச்சை இழுத்தேன்.

விசில் ஒலித்தது. காவலாளி கையை ஆட்டியபடி இறங்கி வந்தார்.

படிகளில் கைதட்டல் எழுந்தது. உரை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நல்லாப் பேசினீர் பிள்ளை. ஒருத்தரையும் விடேல்லை," என்று பாடகர் குழுத் தலைவி என் கன்னத்தைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிடாமல் நின்றது நான் செய்த ஒரே தவம். பேருந்தில் அவர்கள் ஒவ்வொருவரையும் மனத்துக்குள் இகழ்ந்துகொண்டே போனேன். பட்டியல் நீண்டது. அதன் கடைசியில், ஓட்டுநருக்கும் பிறகு, நான் இருந்தேன்.

அடுத்த மாதம் கோயிலின் கீழ்த்தள மண்டபத்தில் பேச்சுப் போட்டி. தலைப்பு அவரவர் விருப்பம். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். நடுவர்களைப் பார்க்கவில்லை, பங்குத்தந்தையைப் பார்க்கவில்லை. "எபேசைக் கொன்றது வாள் அன்று, வண்டல்" என்றேன்.

உரையை ஒரு சொல் பிசகாமல் முடித்தேன். அவை வணக்கத்துக்கான புள்ளிகள் முழுவதையும் வெட்டினார்கள். மூன்று வருடங்களில் முதன்முறையாக இரண்டாமிடத்துக்கான கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

வாசலில் தரைக்கல் மாமா உண்மையான கவலையோடு மறித்தார்.

"என்ன பிள்ளை, எடுத்த எடுப்பில விசயத்துக்கு வந்திட்டீர்? சுகமில்லையோ?"