ஸ்பால்லா என்றால் தோள்

சிரொக்கோ என்ற வெக்கைக் காற்று வீசும் நாட்களில் என் சமையலறைக் கதவு படாரென்று அடித்துச் சாத்திக்கொள்ளும். அதற்கு அணையாக ஒரு பந்தை வைத்திருக்கிறேன். சிவப்பு நூலால் தைத்த பேஸ்பால் பந்து. தந்தவர் கியூபாவில் பிறந்த பந்தெறிகாரர்; பலெர்மோவில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்சந்தில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். நான் அண்ணை என்று கூப்பிடுவேன்; அவர் காதில் அது அனா என்று விழும். "அனா எங்கட ஊரில பொம்பிளைப் பேர்" என்று அவருடைய அரைகுறை இத்தாலியனில் சிரிப்பார்.

சொந்த நாட்டில் பெரிய அணிக்கு எறிந்தவர். வடக்கு இத்தாலியில் ஒரு கிளப் கூப்பிட்டு, பிறகு கழற்றிவிட, பலெர்மோவின் சின்ன கிளப்புக்கு வந்து சேர்ந்தார். 2006 கோடையில் வடக்கிலிருந்து இன்னொரு கிளப்காரர் அவரைப் பார்க்க வந்தார். பிடித்துப்போனால் ஒப்பந்தம். இல்லையென்றால் இங்கே தங்க அனுமதிக்கும் பெர்மெஸ்ஸோ அட்டையும் இல்லை, எறிதலும் இல்லை. அன்று காலை தலை வாரக்கூட அவரால் கையைத் தூக்க முடியவில்லை. என் மனுசன்தான் நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டார்.

மைதானத்தில் உடை மாற்றும் அறையைக் கூட்டுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. "ஸ்பால்லா நோகுதா?" என்று கிளப் மருத்துவர் கேட்டதும், அண்ணை இல்லையென்று தலையாட்டியதும் என் கண்முன்னேதான். மருத்துவர் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"பொய்யோ? முதுகைத்தானே கேட்டவர்."

அவருடைய ஸ்பானிய மொழியில் எஸ்பால்தா என்றால் முதுகு. ஐயோ கடவுளே, இத்தாலியனில் ஸ்பால்லா என்றால் தோள் என்று தொட்டுக் காட்டினேன். வெளியே வடக்குக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் பொய் சொல்லேல்லை, தங்கச்சி" என்றுவிட்டு மைதானத்தில் இறங்கினார்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் எறிந்தார். பிறகு ஒரு பந்து பாதி வழியிலேயே விழுந்தது. எறிந்த கை அப்படியே தொங்கிப்போயிற்று. வடக்குக்காரர் எழுந்து போவதைத் கூட்டுகிற தும்புத்தடியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நான் என்ன செய்ய? அழுகைதான் வந்தது.

அண்ணை பலெர்மோவைவிட்டுப் புறப்பட்ட நாளில் கேட்டார்: "தோளுக்கு உங்கட பாசையில என்ன?"

"தோள்தான். ஆனா நொந்தால் கை நோகுது எண்டுதான் சொல்லுவம். தோளில இருந்து விரல் மட்டும் எல்லாம் கைதான்."

"நல்ல பாசை. கை போனால் எல்லாம் போச்சு" என்று பந்தை நீட்டினார். இடது கையால். எங்களில் அது மரியாதை இல்லை. நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

இன்று காலையும் காற்றுக்குக் கதவு தள்ளிப் பந்து அடுப்படி வரை உருண்டது. இரண்டு கையாலும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.