வீட்டுக்குள் போடும் செருப்பு

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு புதுமனை புகுவிழா. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தும்பைப்பூ வேட்டி கட்டிய தோப்புக்காரர் ஒருவர் தன் செருப்பைக் கழற்றினார். சின்னக் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு மஞ்சப்பையிலிருந்து வேறொரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. "ஏனுங்க, உள்ளே சாமி இருக்குதுங்க."

"இருக்கட்டுமுங்க. இது தெருவையே மிதிக்காத செருப்புங்க. சக்கரையில எனக்குக் காலு மரத்துப் போச்சு, முள்ளு ஏறினாலும் தெரியறதில்லீங்க. சாமி கோவிச்சுக்கிட்டா கும்பிட்டுச் சமாதானம் பண்ணிக்கலாம். வெட்டி எடுத்த காலை எந்தச் சாமிங்க திருப்பித் தரும்?"

பதிலுக்குக் காத்திராமல் நிமிர்ந்து உள்ளே நடந்தார். பின்னால் சிரித்தவர்களில் நானும் ஒருவன். எனக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை. ஆனாலும் மரியாதைக்காக வெறுங்காலோடுதான் நின்றேன்.

வீடு திரும்பியதும் ஏதோ தோன்றி, சவரக் கண்ணாடியை என் பாதத்துக்கு அடியில் பிடித்தேன். பந்தல் அலங்காரத்துக் குண்டூசி ஒன்று குதிகாலில் தலைவரை இறங்கியிருந்தது.

எனக்கு வலிக்கவே இல்லை.