இல்லாத மாமனார்

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் வேலையில்லாமலே பஸ்ஸில் போய் வருவது என் பொழுதுபோக்கு. ஒருநாள் கோயமுத்தூர் திரும்பும்போது, கிணத்துக்கடவில் ஓர் அம்மாள் காய்ச்சல் கண்ட குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போக நின்றிருந்தார். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை.

"அவசரமில்லாதவங்க யாராச்சும் எறங்கிக்கிறீங்களா?" என்று கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

டிரைவர் பக்கத்து இடத்தை விட மனமில்லாமல், "மாமனாரு சாகக் கெடக்கறாருங்க" என்றேன்.

"அப்ப நீங்க போங்க. நான் அடுத்த பஸ்ஸுல வாரேனுங்க" என்றார் அந்த அம்மாள்.

மறுமாதம் குணமான குழந்தையோடு பஸ்ஸில் ஏறியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏனுங்க, மாமனாருக்கு இப்பத் தேவலைங்களா? சாமிகிட்ட வேண்டிக்கிட்டேனுங்க."

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. "தேவலைங்க" என்று மறுபடியும் பொய் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போதும் பஸ்ஸில் சுற்றுகிறேன். யாராவது ஏற இடமின்றி ஸ்டாப்பில் நின்றால், கண்டக்டர் கேட்பதற்குள் இறங்கிவிடுகிறேன்.